தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி: கருமருந்துத் தோட்டா போட்டுச் சுடலாமா?

கீழ்ப்பாக்கம்_பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா பெயரில் உரிமம் உள்ள 12 போர் (குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் நிலம் இருந்த காலத்தில் பன்றி காவலுக்குத் தாத்தா வாங்கியது என்பார்கள், ஆனால் துப்பாக்கி அதைவிடப் பழையது என்று பார்த்தாலே தெரிகிறது. வெளியே இரண்டு குதிரை (விசை இழுத்தால் அடிக்கும் சுத்தியல்), குழல் நெடுக மரத்து ரேகை மாதிரி பழுப்பும் கறுப்புமாக வரிகள், நடுப்பட்டையில் மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் கடையின் பெயர். அப்பாவுக்கு 74 வயது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, முடிந்ததும் திரும்ப வாங்கி வருவது, அவ்வளவுதான் அதற்கு நடப்பது. நான் பிறந்ததிலிருந்து யாரும் அதைச் சுட்டுப் பார்த்ததில்லை.

போன டிசம்பரில் டெக்ஸாஸில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா அங்கே இதே மாதிரி ஒரு பழைய துப்பாக்கிக்குத் கருமருந்து, அதாவது பழைய காலத்துப் புகை கக்கும் வெடிமருந்து, போட்டுத் தானே தோட்டா நிரப்பி, வானில் எறியும் களிமண் தட்டைச் சுடுகிறார். என்னையும் சுடச் சொன்னார். அந்தச் சத்தமும் புகையும் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. நம் வீட்டுத் துப்பாக்கியையும் ஒரு தடவையாவது முறையாகச் சுட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

என் கேள்விகள்: கடையில் விற்கும் சாதாரண தோட்டாவைப் போட்டுச் சுடலாமா, இல்லை கருமருந்துதான் போட வேண்டுமா? மாமா செய்வது மாதிரி நிரப்புவதில் உண்மையில் என்ன நடக்கிறது, அதை இங்கே செய்ய வழி உண்டா? அலமாரியில் தாத்தா வைத்த காகிதத் தோட்டா பாதிப் பெட்டி இருக்கிறது, அதை என்ன செய்வது? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஆவடி_ஆர்மரர்:

தம்பி, முதல் வேலையாக அந்தத் துப்பாக்கியில் எந்தத் தோட்டாவையும் போடாதீர்கள். கடைத் தோட்டா கூடவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் வரி வரியான குழல் டமாஸ்கஸ் குழல். இரும்பு, எஃகு பட்டைகளைச் சேர்த்து முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டி, காய்ச்சி அடித்து ஒட்டியது. இரும்பும் எஃகும் மாறி மாறி வரும் அடுக்குகள்தான் நீங்கள் பார்க்கும் ரேகை. நன்றாகச் செய்த டமாஸ்கஸ் குழல் லேசுப்பட்டதில்லை, அதை ஒரேயடியாகக் குப்பை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் நம் ஊர் ஈரத்தில் இருந்திருக்கிறது. ஒட்டிய தையலுக்குள் துரு புகுந்திருந்தால் வெளியே பளபளவென்றுதான் இருக்கும், உள்ளே அரித்திருக்கும். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கிற விஷயம் இல்லை.

குழலைக் கழற்றி அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள், சேம்பருக்கு (தோட்டா உட்காரும் இடம்) கீழே சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். மேலே பெயர் மவுண்ட் ரோடு கடையாக இருந்தாலும் அந்தக் காலத்தில் துப்பாக்கி பெரும்பாலும் பர்மிங்ஹாமிலோ லண்டனிலோ செய்து வந்ததுதான், அதனால் அந்த ஊர்ச் சோதனைச் சாலை முத்திரை இருக்கும். பெல்ஜியத்துச் சரக்காக இருந்தால் முட்டை வடிவத்துக்குள் இ.எல்.ஜி. என்ற மூன்று எழுத்து. "நைட்ரோ புரூஃப்" என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தால் இன்றைய கடைத் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று அர்த்தம். அது இல்லையென்றால் கருமருந்துக்கு மட்டும்தான் சோதித்திருக்கிறார்கள். சோதித்த பிறகு யாராவது உள்ளே கடைந்திருந்தால் அந்த முத்திரையையும் நம்ப முடியாது.

அடுத்தது சேம்பர் நீளம், இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பழைய 12 போர் சேம்பர் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர், அதாவது சுமார் இரண்டரை அங்குலம். இப்போது கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். அந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்து நிற்கும் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் 65 சேம்பரில் சொகுசாக உள்ளே போய்விடும், துப்பாக்கியும் சுகமாகப் பூட்டிக்கொள்ளும். சுட்டதும் வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் அடைக்கும், அழுத்தம் எகிறும். "உள்ளே போகிறதே, சரியாகத்தானே இருக்கிறது" என்று நினைப்பதுதான் ஆபத்து.

காகிதத் தோட்டாக்களைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், சுட்டுப் பார்க்கவும் வேண்டாம். உரிமத்தோடு எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரட்டைக்குழல்:

ஆர்மரர் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நிரப்புவதைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அமெரிக்காவின் மிசௌரியில் வேலை பார்த்த காலத்தில் அங்குள்ள கிளப்பில் வாராவாரம் கருமருந்துதான் சுட்டேன், இப்போது வேளச்சேரியில் இருக்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்னும் ஏக்கமாக இருக்கும்.

முதலில் மருந்து எப்படி எரிகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். புகையில்லா மருந்து அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும், அந்த வேகம் அழுத்தத்தை மறுபடியும் ஏற்றும். கருமருந்தின் எரிவேகம் அழுத்தத்துக்கு அவ்வளவாக மசியாது, அதனால் அது தோளில் அறையாது, ஒரு பெரிய கை வைத்து அழுத்தித் தள்ளுவது போலிருக்கும். ஆனால் எரிந்தது எல்லாம் வாயுவாகப் போவதில்லை, எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். புகையும் கரியும் அதுதான்.

அளவும் முற்றிலும் வேறு. 12 போருக்குப் பழைய வழக்கமான அளவு 3 டிராம் (பழைய எடை அளவு, கிராம் இல்லை) கருமருந்தும், ஒன்றே கால் அவுன்ஸுக்குக் கொஞ்சம் குறைவாக, ஒன்றேயரைக்கால் (1⅛) அவுன்ஸ் ரவையும் (சின்ன ஈயக் குண்டுகள்). 3 டிராம் என்றால் 82 கிரெய்ன், அதாவது சுமார் 5.3 கிராம். அதே வேலையைப் புகையில்லா மருந்து ஒன்றேகால் கிராம் பக்கத்தில் முடித்துவிடும். ஆக கருமருந்து அளக்கும் கரண்டியில் யாராவது புகையில்லா மருந்தை அள்ளி ஊற்றினால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளில் இன்றும் "3 டிராம் ஈக்விவலன்ட்" என்று போட்டிருப்பார்கள், அது உள்ளே இருக்கும் மருந்தின் எடை இல்லை. 3 டிராம் கருமருந்து கொடுக்கும் வேகத்தை இந்தத் தோட்டாவும் கொடுக்கும் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பா தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பது அங்கே எல்லாரும் கடைப்பிடிக்கும் விதி. தீப்பொறி எந்த வழியில் வந்தாலும் கருமருந்து பற்றிக்கொள்ளும், அதனால் நிரப்பும் அறையில் சிகரெட், அடுப்பு எதுவும் கிடையாது.

உங்கள் மாமா பித்தளைக் கூடு பயன்படுத்தினாரா பிளாஸ்டிக்கா? நான் பித்தளைக் கட்சி. புது பிரைமர் (மருந்தைப் பற்ற வைக்கும் சின்ன மூடி) அடித்த கூட்டில் அளந்த மருந்தைக் கொட்டி, லேசாகத் தட்டி அடங்க வைத்து, அதன்மேல் கெட்டி அட்டை வட்டம் ஒன்றை மரக்குச்சியால் நேராக இறக்க வேண்டும். இறங்கும்போது உள்ளே அடைபட்ட காற்று ஓரமாக "உஸ்" என்று வெளியேறுவது காதில் கேட்கும், அப்புறம் அட்டை மருந்தின்மேல் உட்கார்ந்ததும் மணல் நெரிபடுகிற மாதிரி விரலுக்குத் தெரியும். அந்த இடம் வரை அழுத்தியே ஆக வேண்டும். மருந்துக்கும் அட்டைக்கும் நடுவே காற்று இடைவெளி விடவே கூடாது, நம் ஊரில் வேட்டுக்கு மருந்து கிட்டிப்பவர்களுக்கும் இது தெரியும். அட்டைக்கு மேல் தேன்மெழுகும் எண்ணெயும் ஊறிய கனமான நார்த் தக்கை. அதற்கு மேல் ரவை, ரவைக்கு மேல் மெல்லிய அட்டை. பித்தளையில் வாயை மடிக்க முடியாது என்பதால் மேல் அட்டையின் விளிம்பைச் சுற்றிச் சோடியம் சிலிகேட் பசையை ஒரு வளையம் விட்டுக் காய வைப்பார்கள். காகிதக் கூடு, பிளாஸ்டிக் கூடு என்றால் வாயை உருட்டி மடித்துவிடலாம்.

புதிதாக வருகிறவர்கள் மருந்தைப் பற்றியே கேட்பார்கள், என்னைக் கேட்டால் தக்கைதான் விஷயம். மருந்து அட்டை சரியாக அடைக்கவில்லை என்றால் சூடான வாயு ஓரமாகத் தாண்டிப் போய் ரவையைக் கலைத்துவிடும், ரவை விழும் பரப்பின் நடுவே தட்டு நுழைகிற அளவு வெற்றிடம் விழும். பித்தளைக் கூட்டின் சுவர் மெல்லியது, உள்வாய் அகலம், அதனால் 12 போர் கூட்டுக்கு 11 போர் அட்டை போட வேண்டி வரும். இது தெரியாமல் 12 போர் அட்டையையே போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்கிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். இன்றைய தோட்டாவில் வரும் பிளாஸ்டிக் கிண்ணத் தக்கையும் கருமருந்துக்கு ஆகாது, சூட்டில் உருகிக் குழலில் கோடு கோடாக ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் கரி படிந்தால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நார்த் தக்கையில் எண்ணெய் ஊற வைப்பதே கரி காய்ந்து இறுகாமல் மெத்தென்று இருக்கத்தான், அப்போது அடுத்த குண்டின் தக்கையே பழைய கரியைத் துடைத்துக்கொண்டு போகும்.

சுடும்போது பழக வேண்டியது புகை. முதல் குழல் வெடித்ததும் முன்னால் வெள்ளையாக ஒரு சுவர் எழும்பிவிடும், தட்டு உடைந்ததா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். காற்று பக்கவாட்டில் அடித்தால் இரண்டாவது குழலுக்கு வழி கிடைக்கும். காற்றே இல்லாத புழுக்கமான நாளில் புகை நகராமல் அப்படியே நிற்கும், அந்த நாட்களில் ஒவ்வொரு தட்டாகச் சுடுவதுதான் சரி. இன்னொன்று, விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்கக் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். சத்தம் சொத்தையாகக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் திறந்து, தக்கை குழலில் சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அடுத்த தோட்டா.

பெரம்பூர்_வக்கீல்:

நண்பர்கள் அங்கே செய்வதைச் சொல்கிறார்கள், அது அந்த ஊர்ச் சட்டம். இங்கே நிலைமை வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். அப்பாவிடம் இருப்பது வைத்திருப்பதற்கான உரிமம், எந்த வகைத் தோட்டா, ஒரு தடவைக்கு எத்தனை, வருஷத்துக்கு எத்தனை என்று அதிலேயே எழுதியிருக்கும். அதை வைத்துக்கொண்டு வீட்டில் தோட்டா நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கருமருந்துக்கு வெடிபொருள் சட்டமும் சேர்ந்து வரும். சந்தேகம் இருந்தால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இதைவிட முக்கியமானது வாரிசு விஷயம். உரிமம் வைத்திருப்பவர் 70 வயதைத் தாண்டினாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம் என்று 2016 விதிகளில் இருக்கிறது. உங்கள் அப்பா இரண்டிலும் வருவார் போலிருக்கிறது. அவருக்குப் பிறகு என்று தள்ளிப்போட்டால் துப்பாக்கி டெபாசிட்டில் போய் உட்காரும், நீங்கள் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். இப்போதே விண்ணப்பியுங்கள். மாற்றும் வரை உங்கள் பெயரில் உரிமம் இல்லை, ஆகவே நீங்களாக அதை எடுத்துக்கொண்டு எங்கேயும் போகக் கூடாது, டீலரிடம் பழுது பார்க்கக் கொண்டு போவதற்குக்கூட அப்பா கூட வர வேண்டும், இல்லையென்றால் அவர் எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும்.

கீழ்ப்பாக்கம்_பேரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வக்கீல் சார், வாரிசு விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இந்த வாரமே விசாரிக்கிறோம். அப்பாவை வைத்துக்கொண்டு குழலைக் கழற்றிப் பார்த்தோம். குறுக்காக இரண்டு செங்கோலும் மேலே கிரீடமும் போட்ட முத்திரை, டைமண்ட் வடிவத்துக்குள் 12ம் சி எழுத்தும் இருக்கிறது, நைட்ரோ என்று எங்கேயும் இல்லை.

இரண்டு சந்தேகம். சொந்தக்காரர் ஒருவர், கோயில் திருவிழாவுக்கு வாணம் செய்பவரிடம் கருமருந்து கிடைக்கும், கிளப்பில் அனுமதி வாங்கிவிட்டால் அதையே போடலாமே என்கிறார். இன்னொன்று, போன தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது குழலுக்குள் செம்புள்ளிகள் தெரிந்தன. இதை எப்படிச் சுத்தம் செய்வது?

ஆவடி_ஆர்மரர்:

செங்கோல் முத்திரை பர்மிங்ஹாம். டைமண்டுக்குள் 12 சி என்றால் 12 போர் சேம்பர் என்று குறிக்கும். நைட்ரோ இல்லை என்றால் நான் முதலில் சொன்னதுதான், கடைத் தோட்டா அதற்கு இல்லவே இல்லை.

வாண மருந்தைப் பற்றி அந்தச் சொந்தக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், கூடவே கூடாது. வாணத்துக்குச் செய்யும் கலவையும் துப்பாக்கிக்குச் செய்யும் மருந்தும் பெயரில்தான் ஒன்று. துப்பாக்கி மருந்தை அரைத்து, அழுத்திக் கட்டியாக்கி, உடைத்து, சல்லடையில் சலித்து மணி மணியாகப் பிரித்திருப்பார்கள். 12 போருக்கு என்ன பருமன், சின்னத் துப்பாக்கிக்கு என்ன பருமன் என்று கணக்கு உண்டு, ஏனென்றால் மணி சிறுத்தால் எரியும் வேகம் கூடும். வாணக் கலவையில் மணியும் கிடையாது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது. சத்தத்துக்காக அலுமினியப் பொடி போட்டிருக்கலாம். கந்தகத்தோடு குளோரேட் சேர்ப்பதை 1992லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள், உரசினாலே வெடிக்கும் என்பதால்தான். அந்த மாதிரி ஏதாவது ஒன்று உங்கள் தாத்தா குழலுக்குள் போனால் குழலும் இருக்காது, விரலும் இருக்காது.

செம்புள்ளி வந்தது ஸ்டேஷன் அறையின் ஈரத்தில். அடுத்த தடவை ஒப்படைக்கும் முன்னால் குழலுக்குள் கெட்டி கிரீஸ் தடவிக் கொடுங்கள், எண்ணெய் வடிந்துவிடும். இப்போது இருக்கும் புள்ளியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சுவர் மெலியும். மெல்லிய எண்ணெயை ஊற விட்டு, பித்தளை பிரஷ் போட்டு மெதுவாக எடுத்து, குழல் உள்ளளவு அளக்கும் கருவி உள்ள கைதேர்ந்த ஆளிடம் சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். புள்ளி பள்ளமாக இறங்கியிருந்தால் சுடும் ஆசையை விட்டுவிடுவதுதான் நல்லது.

இரட்டைக்குழல்:

சுத்தம் பற்றி நானும் கொஞ்சம் சேர்க்கிறேன், கருமருந்து சுட்ட குழலுக்கு இது வேறு மாதிரி. அந்தக் கரியில் பொட்டாசியம் உப்புகள் இருக்கின்றன, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். கரைப்பான் என்று கடையில் விற்கும் புகையில்லா மருந்துக்கான கிளீனர் பல இந்த உப்பைத் தொடாது, இதற்குத் தண்ணீர்தான் மருந்து. அங்கே எல்லாரும் கொதிக்கும் நீரும் கொஞ்சம் சோப்பும்தான். குழலைக் கட்டையிலிருந்து கழற்றித் தனியாக வைத்துக்கொண்டு ஊற்றுவோம், முதலில் மை மாதிரி கறுப்பாக வரும், அழுகிய முட்டை வாசம் அடிக்கும், அப்புறம் சாம்பல் நிறம், கடைசியில் தெளிந்த நீர். வெந்நீர் என்றால் குழல் சூடேறித் தானே உலர்ந்துவிடும், சூடு ஆறும் முன்னால் எண்ணெய் துணி போட்டுவிட வேண்டும். பித்தளைக் கூடுகளையும் சுட்ட கையோடு சோப்புத் தண்ணீர் நிரம்பிய டப்பாவில் போட்டுவிடுவோம், இல்லாவிட்டால் பச்சை பிடிக்கும்.

மிசௌரியின் வறண்ட இலையுதிர்காலத்தில் சிலர் மறுநாள் காலை வரை விட்டுவைப்பார்கள். சென்னையில் அது நடக்காது. மார்கழியிலேயே நம் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, சாயங்காலம் சுட்டு ராத்திரி அப்படியே வைத்தால் விடியும்போது குழலுக்குள் செம்மண் பூசின மாதிரி இருக்கும். சுடும் இடத்திலேயே ஒரு தடவை ஈரத்துணி விட்டு எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முழுசாகக் கழுவ வேண்டும். அதற்கு நேரம் இல்லை என்றால் அன்றைக்குச் சுடவே வேண்டாம் என்பேன்.

உங்கள் துப்பாக்கி சுடத் தகுதியில்லை என்று ஆகிவிட்டாலும் மனசு உடையாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தைப் போய்ப் பாருங்கள், தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை அங்கே இருக்கின்றன. குழல் வேலை எப்படியெல்லாம் இருந்தது என்று கிட்ட நின்று பார்க்கலாம். சுடும் ஆசைக்கு உள்ளூரில் கிளப்பில் சேர்ந்து இன்றைய துப்பாக்கியில் டிராப் (வானில் எறியும் களிமண் தட்டைச் சுடும் போட்டி) பழகலாம். நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப்பில்தான் இறங்கினார். கருமருந்தே வேண்டும் என்றால் வெளிநாட்டில் குழல் வாய்வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கிகளுக்கென்று சர்வதேசப் போட்டியே நடக்கிறது, சிக்கிமுக்கி வைத்த துப்பாக்கியில் களிமண் தட்டு சுடும் பிரிவுக்கு மான்டன் என்றும், கேப் வைத்துச் சுடும் பிரிவுக்கு லொரென்சோனி என்றும் பெயர். அடுத்த தடவை டெக்ஸாஸ் போகும்போது மாமாவோடு நாலு நாள் சேர்த்து இருங்கள், அவர் நிரப்பும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையை அழுத்தும் கையைக் கவனியுங்கள்.

கீழ்ப்பாக்கம்_பேரன்:

தெளிவாகிவிட்டது. வாண மருந்துப் பேச்சை வீட்டில் அத்தோடு நிறுத்திவிட்டேன். காகிதத் தோட்டாக்களை அப்பாவும் நானும் திங்கட்கிழமை டீலரிடம் ஒப்படைக்கிறோம், அங்கேயே குழல் சுவரை அளக்க யாரிடம் போகலாம் என்றும் கேட்கிறேன். அளவு கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன், ஆர்மரர் ஐயா பார்த்துச் சொல்லுங்கள்.

ஆவடி_ஆர்மரர்:

போடுங்கள் தம்பி. இரண்டு குழலுக்கும் தனித்தனியாக, சேம்பர் முடியும் இடத்திலிருந்து வாய் வரை நாலைந்து இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு இடத்து அளவை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். சேம்பர் நீளத்தையும் மறக்காமல் எழுதி வாங்குங்கள்.